ஆஜர் இல்லை

டீபக்கர் என்பது மற்ற புரோகிராம்களில் இருக்கிற தப்பைக் கண்டுபிடிக்கிற புரோகிராம். அதுவே விழுந்து விழுந்து செத்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஒன்பது நாளாக எனக்கு அதுதான் பிழைப்பு. ஓட்டு என்பேன். ஓட்டப் போகும். ஒரு நொடிகூட ஆகாது, பொத்தென்று விழும். திரையில் ஒரே ஒரு வரி மிஞ்சும்: 'எதிர்பாராத நிலை. வெளியேறுகிறேன்.' எதிர்பாராத நிலையாம். இருபத்தேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். எதிர்பார்த்த நிலை என்று ஒன்றை நான் பார்த்ததே கிடையாது.

அதை எழுதிப் பராமரிப்பவர்கள் உலகம் பூராவும் சிதறிக் கிடக்கிற நல்லவர்கள். கூலி வாங்காமல் வேலை செய்கிறவர்கள், அதனால் திட்டவும் முடியாது. அவர்களுக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. இருக்கிற அத்தனை இயங்குதளத்திலும் நன்றாக ஓடுகிறது, உங்கள் 'தும்பை'யில் மட்டும்தான் விழுகிறது, எனவே தப்பு தும்பையுடையது, புகாரை மூடுகிறோம் என்று. கடைசியில் ஒருத்தர் ஆர்வமாகக் கேட்டிருந்தார், இந்தக் காலத்தில் தும்பையை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று. ஒருத்தர் வைத்திருக்கிறார், பாளையங்கோட்டையில், தலைக்குள்ளே வைத்திருக்கிறார் என்று எழுதிவிட்டு மடிக்கணினியைப் படாரென்று மூடினேன்.

அந்த ஒருத்தர் பெயர் சுடலைமுத்து. வயது எழுபத்தொன்று. கோர்ட்டில் முப்பத்து நாலு வருஷம் டவாலியாக இருந்தவர். வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக வாசலில் நின்று வாதி, பிரதிவாதி, சாட்சி என்று பெயர் சொல்லிக் கூவிக் கூப்பிடுகிற வேலை. ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோய்விட்டது. பேச்சோடு எழுத்தும் போயிற்று, கை கால் மட்டும் தேறிவிட்டது. பிறர் சொல்வது புரியும். தான் சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். வெளியே வர வழி கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன் அவருக்கு எங்கள் கம்பெனியின் பேச்சுக் கருவியைப் பொருத்தினார்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு பொட்டு, தொண்டையில் சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர். மனதில் எழுகிறதைப் பிடித்துக் குரலாக்கிவிடும். அப்போது அதில் ஓடியது தும்பை. மதுரையில் ஆறு பேர் உட்கார்ந்து எழுதியது. ஒருத்தர் பேசுகிற விதத்தை அவரிடமிருந்தேதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்த ஆறு பேரின் பிடிவாதம். இழுவை, கனைப்பு, வசவு, வாய்ப்பழக்கம் எல்லாவற்றையும் தும்பை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிழைச் செய்திகள்கூடத் தமிழில்தான் வரும். பிறகு அதை மூடிவிட்டு எல்லாருக்கும் புது இயங்குதளம் வந்தது. அதில் எல்லாரும் ஒரே மாதிரி பேசுவார்கள், செய்தி வாசிக்கிறவர் மாதிரி. ஒவ்வொருவராக மாறினார்கள், செத்தும் போனார்கள். சுடலைமுத்து மட்டும் மாறமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறு நாளைக்கு முன்பு ஒரு காலை நேரத்தில் அவர் குரல் நின்றுபோனது. கருவி சூடாக இருக்கிறது, உயிர் இருக்கிறது, பேச்சு மட்டும் வரவில்லை. அணைத்துப் போட்டாலும் மௌனம். பதிவேட்டில் கடைசி வரி இப்படி இருந்தது: 'பேச்சி ஆஜர் இல்லை. ஒத்திவைப்பு.'

இயங்குதளம் எழுதத் தெரிகிறது, 'பேச்சு' என்று பிழையில்லாமல் எழுதத் தெரியவில்லை. அந்த ஆறு பேரை மனதுக்குள் திட்டிக்கொண்டே எழுத்துப்பிழையைத் திருத்தி, 'பேச்சுப் பகுதி கிடைக்கவில்லை' என்று என் அறிக்கையில் எழுதினேன். நான்கு நாள் அந்தப் பேச்சுப் பகுதியைத்தான் தேடினேன். அது எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தது. பிறகு ஏன் ஓடவில்லை? அதைப் பார்க்கத்தான் டீபக்கர் வேண்டும். அதுதான் விழுகிறதே.

கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அதற்குள் நான் சரிசெய்யாவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிவிடுவார்கள். என் மேலதிகாரி கிருபாகரன் சென்னையிலிருந்து தினம் ஒருதரம் திரையில் வந்து இதையே சொல்வான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன், கெட்டவன் இல்லை, அவசரக்காரன்.

"மேடம், புதுசு போட்டா அன்னைக்கு சாயங்காலமே பேசிடுவாரு. நீங்க ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க?"

"கருவி பேசும் கிருபா. அவர் பேசமாட்டார். பதினோரு வருஷம் அது அவர்கிட்ட படிச்சது அத்தனையும் போயிடும்."

"அவருக்கு ஆட்சேபணை இருந்தா சொல்லட்டுமே."

அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கும். சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? கருவியை அழிக்க உரியவரின் சம்மதம் வேண்டும். உரியவர் பேச முடியாத நிலையில் இருந்தால் நெருங்கிய உறவினர் கையெழுத்துப் போடலாம். உரியவருக்கு அதில் ஆட்சேபணை இருந்தால் அதை மொழியுரிமை அலுவலகத்திடம் தம் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. பேச்சு நின்றுபோன மனுஷன் என் பேச்சை அழிக்காதே என்று வாய் திறந்து சொல்ல வேண்டுமாம். இதை எழுதினவர் வாயில் மூன்று நாள் பிளாஸ்திரி ஒட்டி அதே அலுவலகத்தில் உட்கார வைக்க வேண்டும்.

சுடலைமுத்து தலையை ஆட்டத்தான் செய்தார். பலமாக, இட வலமாக, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு ஆட்டினார். அந்தப் படிவத்தில் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது. அவர் மனைவிதான் போட்டிருந்தார். கோழி கிளறினது மாதிரி இருந்த அந்தக் கையெழுத்தில் பெயர் என்னவென்று படிக்க முடியவில்லை. நானும் கேட்கவில்லை. வாங்கம்மா போங்கம்மா என்றே ஒன்பது நாளும் ஓடிவிட்டது.

உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கையெழுத்துக்காக அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. புது இயங்குதளத்தின் மாதிரிக் குரலைக் கம்பெனிக்காரர்கள் வந்து போட்டுக் காட்டினபோது நானும் அங்கே இருந்தேன். "அம்மா, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் தருகிறீர்களா?" என்று அது குழைந்தது. சுடலைமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அந்த அம்மாள் இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, "எம்புட்டு மரியாதையா பேசுது" என்றார். கூடவே ஒரு சந்தேகமும் கேட்டார், இது ஒரு தடவைதான் கூப்பிடுமா என்று. ஆமாம் என்றார்கள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தினமும் காலை பத்து மணிக்குப் போய்விடுவேன். அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் வயரை ஒட்டி, டீபக்கரைத் தட்டுவேன். அது விழும். விழுகிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு விக்கல் வரும். ஒரு நாளைக்கு எட்டு விக்கலுக்கு மேல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. உடனே அவர் கையைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் காட்டுவார், பிறகு மனைவியைப் பார்த்து விரலை நீட்டுவார். அந்த அம்மாள் அலுத்துக்கொண்டே எழுந்து போய்க் காப்பி போட்டு வருவார். இவர் டம்ளரைத் தள்ளிவிட்டு, இல்லை இல்லை என்று தலையாட்டிவிட்டு, மறுபடியும் வாயையும் மனைவியையும் மாறி மாறிக் காட்டுவார்.

"கேக்கதும் இவுகதான், வேண்டாங்கதும் இவுகதான். குரல் நின்னதுலேருந்து இந்தக் கூத்துதான் நடக்கு" என்று சொல்லி டம்ளரை என் பக்கம் நகர்த்துவார். எனக்கும் காப்பி பிடிக்கும், குடித்துவிடுவேன்.

வியாழக்கிழமை காலை அந்த அம்மாளே கேட்டார், அப்படி இதில் என்னதான் நடக்கிறது என்று. எரிச்சலில் இருந்தாலும் யாராவது கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"கோர்ட்ல ஜட்ஜ் நேரா சாட்சியைக் கூப்பிட மாட்டாருல்ல, டவாலிகிட்ட சொல்வாரு. இதுவும் அப்படித்தாம்மா. டீபக்கர் நேரா எந்தப் புரோகிராமையும் எழுப்பாது. வாசல்காரன்னு ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட பேரைச் சொல்லும். முதல்ல வாசல்காரன் எழுந்திருப்பான், அது ஒண்ணு. அவன் கூப்பிட்டதும் உள்ளே இருக்கிற புரோகிராம் எழுந்திருக்கும், அது ரெண்டு. ரெண்டு எண்ணினதும் டீபக்கர் கையை உள்ளே விட்டுப் பார்க்கும். இங்கே கையை விட்டா ஒண்ணுமே இல்லை. படி இருக்குன்னு நினைச்சுக் கால் வச்ச மாதிரி விழுந்துடுது."

"டவாலி சங்கதி எங்கிட்டயா சொல்லுதிய" என்றார் அவர். "அங்க கூவுனது பத்தாதுன்னு வீட்டுலயும் அதே கூவல்தான். ஒரு தடவ கூப்ட்டா எனக்குக் காது கேக்காதா? மூணு தடவ கூப்புடுவாக. அடுப்புல பால் பொங்கிக்கிட்டிருக்கும், போட்டது போட்டபடி ஓடணும். குரல் நின்ன அன்னைக்குக்கூட அப்படித்தான். நான் மாடியில இருந்தேன். இறங்கி வந்து பாத்தா ஆளுக்குப் பேச்சு வரல, அடுக்களைல ரெண்டு டம்ளர் காப்பி ஆறிக் கெடந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா குடுத்து அனுப்பினாகளோ என்னமோ, ஏடு படிஞ்சு போச்சுன்னு நாந்தான் ஊத்திக் கழுவுனேன்."

நான் ம் கொட்டினேன். என் கண் திரையில் இருந்தது. எனக்கு வேண்டிய பதிலை அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் அவரிடம் கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கம்மா என்கிறேன். இதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே இரண்டு அறை வைக்க வேண்டும் போலிருக்கிறது.

அன்று மதியம் கெடுவை நீட்டிக்கச் சொல்லிக் கேட்க மொழியுரிமை அலுவலகத்துக்குப் போனேன். சீட்டு வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். கடைசியில் பியூன் வெளியே வந்து, "ஜெசிந்தா" என்று கூப்பிட்டார். எழுந்து அவர் முன்னாலேயே போய் நின்றேன். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, "ஜெசிந்தா" என்றார் மறுபடியும்.

"அதான் வந்துட்டேனே."

"ஜெசிந்தா" என்று மூன்றாவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். எனக்கு இருந்த கோபத்தில், உங்களுக்குக் கண் தெரியாதா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"கோர்ட்டுல இருவது வருசம் இருந்துட்டு இங்க வந்தேம்மா. மூணு தடவ கூப்புடணும், அதுதான் முறை. ஆளு முன்னால நின்னாலும் வாய் நிக்காது."

நான் அப்படியே நின்றுவிட்டேன். வாய் நிற்காது. தும்பை வாய்ப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டதை எங்கே வைக்கும்? எல்லாவற்றையும் கூப்பிட்டு எழுப்புகிற இடத்தில், வாசல்காரனிடம். முப்பத்து நாலு வருஷம் டவாலியாக இருந்தவரின் தலைக்குள்ளே இருக்கிற வாசல்காரன் ஒரு பெயரை எத்தனை தடவை கூப்பிடுவான்? ஒவ்வொரு தடவைக்கும் அவனேதான் எழுவான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதாக எழுகிறவன்தான் உள்ளே இருப்பவன். எங்கள் டீபக்கர் இரண்டு எண்ணிவிட்டு, வாசல்காரன் சட்டைப்பைக்குள் கையை விட்டுத் துழாவிவிட்டு விழுந்துகொண்டிருக்கிறது. மற்ற இயங்குதளங்களில் வாசல்காரனுக்குப் பழக்கம் என்று ஒன்றே கிடையாது, அதனால்தான் அங்கெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது.

அதிகாரியைப் பார்க்காமலே படியிறங்கி ஓடினேன். பியூன் பின்னாலிருந்து சத்தம் போட்டார், "இப்பப் போனா ஆஜர் இல்லைன்னு எழுதிருவேன், பாத்துக்கிடுங்க" என்று. எழுதிக்கொள்ளுங்கள் என்று நானும் சத்தம் போட்டேன்.

திருத்தம் என்னவோ ஒரே ஒரு எழுத்துதான். இரண்டு என்று இருந்த இடத்தில், தும்பையாக இருந்தால் நான்கு. ஒன்பது நாள் கழுதையாய் உழைத்ததற்கு ஒரு எண். அன்றைக்கே அதை டீபக்கர் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். ஏன் நான்கு என்று கேட்டார்கள். ஒரு பக்கம் விளக்கம் எழுதினேன். வெள்ளிக்கிழமை காலையில் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். இனி உலகத்தில் எங்கே அந்த டீபக்கரை இறக்கினாலும் சுடலைமுத்துவுக்காக நாலு எண்ணும்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவர் வீட்டில் வயரை ஒட்டினேன். தட்டினேன். ஒன்று. இரண்டு. சுடலைமுத்து விக்கலுக்குத் தயாராகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூன்று. நான்கு. விக்கல் வரவில்லை. டீபக்கர் நின்றது. எனக்கு ஆனந்தத்தில் அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே சொல்கிறேன்.

உள்ளே பார்த்தேன். எதுவுமே கெட்டுப்போகவில்லை. பதினோரு வருஷப் பேச்சும் வரி வரியாக அப்படியே இருந்தது. நின்றுபோன இடத்துக்கு வந்து பார்த்தபோது இப்படி எழுதியிருந்தது: 'அழைப்பு: பேச்சி. எத்தனை முறை: மூன்று. பதில்: இல்லை. பேச்சி ஆஜர் இல்லை. ஒத்திவைப்பு.' அதற்குப் பின்னால் ஒரு வாக்கியம் மூடின உறைக்குள் இருக்கிற மாதிரி காத்துக் கிடந்தது. கூப்பிட்ட ஆள் பதில் சொன்னால்தான் அது வெளியே வரும். நான் அதைப் பிரித்துப் படிக்க முடியாது.

எழுத்துப்பிழை இல்லை. யாரையோ கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் நின்றிருந்த அந்த அம்மாளிடம் திரும்பினேன்.

"அம்மா, பேச்சின்னு யாராவது உண்டா?"

அவர் புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான்" என்றார். "பேச்சியம்மா."

ஒன்பது நாள் அவர் கையால் காப்பி குடித்திருக்கிறேன். அவர் பெயரை எழுத்துப்பிழை என்று திருத்தி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. திரையில் இருந்ததை அவருக்குப் படித்துக் காட்டினேன். கருவியில் கோளாறு இல்லையம்மா, மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று அது வழக்கை ஒத்திவைத்துவிட்டது, கோர்ட்டில் இவர் முப்பத்து நாலு வருஷம் சொன்னதைத்தான் இதுவும் செய்திருக்கிறது என்று சொன்னேன்.

பேச்சியம்மாள் நாற்காலியில் இருந்தவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தே பேசினார்.

"அன்னைக்குக் காதுல விழத்தான் செஞ்சுது. மூணு தடவையும் விழுந்துச்சு. மாடியில வத்தல் காயப் போட்டுக்கிட்டிருந்தேன், வேணும்னுதான் வாயத் தொறக்கல. கல்யாண வீட்டுல, விருந்தாளுக முன்னால, நான் வர ஒரு நிமிசம் சொணங்கினாப் போதும், 'பேச்சி ஆஜர் இல்லை'ம்பாக. எல்லாரும் சிரிப்பாக. நானும் சிரிச்சுக்கிட்டே வந்து நிப்பேன். நாப்பத்தஞ்சு வருசம் மேடம். இந்த வீட்டுக்குள்ளயேதான் இருந்தேன், ஒரு நாளும் ஆஜர் இல்லை. சரி, அப்படித்தான் இருக்கட்டுமேன்னு அன்னைக்கு விட்டுட்டேன். இறங்கி வந்து பாத்தா குரல் போயிருக்கு. நான் செஞ்சதுனாலதான் போச்சோன்னு உள்ளுக்குள்ள ஒதறல். வெளிய சொல்லவும் முடியல. ஆனா பொய் சொல்லமாட்டேன், வீடு அமைதியா இருந்துச்சு."

சுடலைமுத்து குனிந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் புரியும் என்பதுதான் அந்த இடத்தில் கொடுமை.

மணி மூன்று பத்து. இப்போது நான் என்ன செய்யணும் என்று பேச்சியம்மாள் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், பதிவேட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி கூப்பிட வைக்கிறேன், நீங்கள் ஒரு வார்த்தை பதில் சொன்னால் போதும், வழக்கு மறுபடி எடுத்துக்கொள்ளப்படும், குரல் வந்துவிடும் என்றேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஐந்து மணிக்குப் புதுசு ஏறும், அது மரியாதையாகப் பேசும், ஒரு தடவைதான் கூப்பிடும் என்றேன். உள்ளதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. சொல்லித் தொலையுங்களேன் அம்மா, ஒரு வார்த்தைதானே என்று. ஆனால் நான் யார் கத்துவதற்கு? ஒன்பது நாள் ராப்பகலாக நான் காப்பாற்றப் பார்த்த குரல் எது? இந்த மனுஷியை இவர் வீட்டிலேயே இல்லாதவளாக்கின குரல்தானே. அதைத் திரும்பக் கொடுங்கள் என்று இவரிடமே கேட்கிறேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கடைசியில் அவர் கேட்டார். "மேடம், மொதத் தடவையிலயே அத நிறுத்தி வைக்க முடியுமா?"

முடியும். டீபக்கர் இருப்பதே அதற்குத்தான், ஓடுகிற எதையும் எந்த இடத்திலும் நிறுத்திப் பிடிக்கலாம். முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் நடுவில் ஒரு தடுப்பு வைத்துவிட்டு ஓடவிட்டேன்.

"பேச்சி."

இருபத்தாறு நாள் கழித்து அந்தக் கூடத்தில் அவர் குரல் கேட்டது. கரகரவென்று, கோர்ட் வராந்தா கடைசிவரை போகிற குரல். தடுப்பில் முட்டி நின்றது. இரண்டாவது வரவில்லை. கூப்பிட்ட பெயர் மட்டும் தனியாக நின்றது. பேச்சியம்மாள் அவசரப்படவில்லை. தலைப்பை இழுத்துச் செருகினார், கணவருக்கு நேர் எதிரே வந்து நின்றார், அவர் நிமிர்ந்து பார்க்கிறவரை காத்திருந்தார்.

"என்ன?" என்றார்.

உறை பிரிந்தது.

"ஏட்டி, காப்பி போட்டு வச்சிருக்கேன். உனக்கும் சேத்துத்தான். வெயில்ல நின்னது போதும், எறங்கி வா, ஆறிப்போவுதுல்லா."

அதைக் கேட்டு சுடலைமுத்துவே திடுக்கிட்டுப் போனார். இருபத்தாறு நாள் தொண்டையில் நின்றிருந்த வாக்கியம் அது. கையைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய்க் காட்டி, விரலை மனைவி பக்கம் நீட்டினது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்கவில்லை. கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் பாவி நான் ஒன்பது நாளும் குடித்துத் தீர்த்திருக்கிறேன்.

"ரெண்டு டம்ளர்" என்றார் பேச்சியம்மாள் மெதுவாக. "நான் கொட்டிட்டேனே."

"சீனி போடல" என்றார் அவர். "உனக்குத்தான் ஆகாதே."

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

மணி மூன்றரை. நான் கிருபாகரனைத் திரையில் பிடித்து, மொழியுரிமை அலுவலகத்தையும் இணைப்பில் சேர்க்கச் சொன்னேன். சுடலைமுத்து கனைத்துக்கொண்டு, என் பேச்சை அழிக்கக் கூடாது என்று தம் வாயால் சொன்னார். ஒரு தடவை சொன்னால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவர் மூன்று தடவை சொல்லித்தான் விட்டார். ஆட்சேபணை பதிவாயிற்று. கிருபாகரன் கைதட்டினான், எனக்கு அவனையும் பிடித்துப்போயிற்று.

வயரைக் கழற்றினேன். தடுப்பு போய்விட்டது, இனி அவர் பாடு, அவர் பழக்கத்தின் பாடு. மடிக்கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"பேச்சி" என்று கூப்பிட்டார்.

பையின் ஜிப்பை இழுத்த கையோடு நான் நின்றேன். இன்னும் இரண்டு வரும் என்று காத்திருந்தேன். அவர் உதடு ஒரு தடவை துடித்தது, வாய் லேசாகத் திறந்தது. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்து வாயை மூடிக்கொண்டார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வாரேன்" என்று பேச்சியம்மாள் குரல் வந்தது.

அவர் அப்படியே காத்திருந்தார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தும்பை கற்றுக்கொள்ளும். இந்த மனுஷன் ஒரு தடவை கூப்பிடப் பழகிவிட்டால் அவர் வாசல்காரனும் ஒரு தடவைதான் கூப்பிடுவான். வாசல்காரன் ஒன்று, உள்ளே இருப்பவன் இரண்டு. அந்தப் பழைய இரண்டுதான் சரி. நான் மெனக்கெட்டுத் திருத்தி, உலகம் பூராவும் அனுப்பி, காலையில்தான் நன்றி சொல்லிச் சேர்த்துக்கொண்ட அந்த நான்கு, வராத இரண்டு அழைப்புக்காக அவர் வாசலிலேயே காத்துக் கிடக்கும்.